கீழே நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள்: பிள்ளைகளோடு வெளிநாட்டில் சர்க்கஸ்

கம்போடியாவில் சியாம் ரீப் என்ற ஊரில் சர்க்கஸ் கூடாரத்து விளக்குகள் அணைந்து முதல் மேளம் இடித்தபோது என் மகன் என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். திடுக்கிட்டு விழித்தான். இருட்டு, புது ஊர், நெஞ்சுக்குள் அதிரும் சத்தம். ஐந்து வயதுப் பிள்ளை வீறிட்டு அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள், ஆட்டம் முடியும்வரை திரும்ப உள்ளே போக முடியவில்லை. அவன் அக்காவும் அப்பாவும் கைதட்டுவது வெளியே கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்து, விலை குறைந்த இருக்கையில் அவனுக்கும் எனக்கும் மட்டும் டிக்கெட் எடுத்து மறுபடி போனேன். அன்றைக்கு இருக்கையின் நுனிக்கு வந்தவன் பின்னால் சாயவே இல்லை.

அந்த இரண்டு நாளில் நான் எதை மாற்றினேன், ஊரிலேயே எதைச் செய்துவிட்டுப் போயிருக்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன். எங்கள் கடற்கரையில் துபாயிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ ஆள் இல்லாத வீடு குறைவு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறவர்கள் கண்ணில் எப்படியும் ஒரு சர்க்கஸ் விளம்பரம் படும். பிள்ளைகள் கேட்பார்கள். நாமும் சரி என்போம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளை மனசில் எப்படிப் பதியும் என்பது முக்கால்வாசி நம் கையில்தான் இருக்கிறது.

நான் தங்கச்சிமடத்துக்காரி. அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. வீட்டுக்காரர் பாம்பனில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, ஐஸுக்கும் வேலை இருக்காது. அதோடு பள்ளி விடுமுறையும் சேர்கிற மே மாதம்தான் எங்களுக்கு வாய்க்கும். கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பி, "அக்கா, இம்புட்டுத் தூரம் வந்துட்டு அங்கோர் வாட் கோயில் பாக்காமப் போயிறாதீங்க" என்றான். கம்போடியா போனது அப்படித்தான். திருச்சியில் ஏறி, கோலாலம்பூரில் தம்பி வீட்டில் நான்கு நாள் இருந்துவிட்டு சியாம் ரீப் போனோம்.

எந்த சர்க்கஸ் என்று பார்ப்பது

ராமேசுவரம் ரத வீதியில் ஒருமுறை கழைக்கூத்துப் பார்த்தோம். ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை கையில் கம்போடு கயிற்றில் நடந்தது. என் மகள் காசு போடப் போனவள் பாதியில் திரும்பி வந்து, "அம்மா, அந்தப் பாப்பாவுக்குக் கீழ ஏன் மெத்தை போடல? அது ஸ்கூலுக்குப் போகலையா?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அன்றிலிருந்து எந்த வித்தை பார்க்கப் போனாலும் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் விசாரிக்கிறேன். விலங்குகளை ஆட்டுவிக்கிறார்களா? ஆடுகிறவர்களில் பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்களா? நாம் கொடுக்கும் பணம் யாருக்குப் போகிறது?

நம் நாட்டில் 1998-லேயே சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வைத்து வித்தை காட்டத் தடை வந்துவிட்டது. குழந்தைகளை சர்க்கஸில் வேலைக்கு வைப்பதைத் தடை செய்யச் சொல்லி 2011-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வெளிநாட்டில் சட்டம் ஊருக்கு ஊர் வேறு. இங்கிலாந்தில் 2020 முதல் ஊர் ஊராகப் போகும் சர்க்கஸில் காட்டு விலங்குகள் கூடாது. ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்னும் விலங்குகள் வரும் நிகழ்ச்சிகள் உண்டு. ஆகவே விளம்பரப் படத்தை மட்டும் நம்பாமல், அவர்கள் வெளியிட்ட வீடியோவை ஒரு நிமிடமாவது பாருங்கள். முக்காலியில் நிற்கும் யானையைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளை ராத்திரி என்ன கேட்கும் என்று யோசித்தால் தீர்மானம் தானாக வந்துவிடும்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஃபார் என்ற கம்போடிய சர்க்கஸ். விலங்கே கிடையாது. ஃபார் என்றால் பிரெஞ்சில் கலங்கரை விளக்கம். பாம்பன் கலங்கரை விளக்கத்தைத் தினம் பார்க்கிற பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. அதன் பின்கதையைப் பிள்ளைகளிடம் சொல்லியே ஆக வேண்டும். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற இயக்கத்தின் ஆட்சியில் அந்த நாட்டில் 15 முதல் 20 லட்சம் பேர் செத்துப்போனார்கள் என்று கணக்கிடுகிறார்கள். தப்பியவர்களில் ஏராளமானோர் தாய்லாந்து எல்லையில் அகதி முகாம்களில் வருடக்கணக்கில் இருந்தார்கள். அங்கே ஒரு முகாமில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தார் ஒரு பிரெஞ்சு ஆசிரியை. ஊர் திரும்பிய அவருடைய மாணவர்கள் ஒன்பது பேர், அவரோடு சேர்ந்து 1994-ல் பட்டம்பாங் என்ற ஊரில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார்கள். பிறகு அங்கே சர்க்கஸும் சொல்லிக்கொடுத்தார்கள். அங்கே படித்து வளர்ந்தவர்கள் ஆடுவதற்காக 2013-ல் சியாம் ரீப்பில் கூடாரம் போட்டார்கள். டிக்கெட் வருமானம் அந்தப் பள்ளிக்கும் போகிறது.

இதைச் சொன்னதும் மகள், "நம்ம மண்டபம் முகாம் மாதிரியாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இலங்கையிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்னிடம் படித்திருக்கிறார்கள். நான் பயிற்சி கொடுத்ததிலேயே வேகமாக ஓடிய பெண் அந்த முகாமிலிருந்து வந்தவள்தான். முகாம் என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரிந்த ஊர் எங்களுடையது. அதனாலேயே மேடையில் நின்றவர்கள் என் மகளுக்கு அந்நியமாகத் தெரியவில்லை.

அதே காரணத்துக்காக ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அங்கே எல்லா இரவும் ஒரே ஆட்டம் கிடையாது. கதை மாறிக்கொண்டே இருக்கும். சில கதைகள் முழுக்கச் சிரிப்பு. போர்க்காலத்தை நினைத்துப் பார்க்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கதையும் அவர்களிடம் உண்டு. நீங்கள் போகிற தேதியில் எந்தக் கதை என்று பார்த்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். எட்டு வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் சிரிப்புக் கதை ஓடும் இரவாகப் பார்ப்பேன்.

துபாய் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2017-ல் தொடங்கிய லா பெர்ல் நீர்மேடை நிகழ்ச்சி. உயரத்திலிருந்து தண்ணீருக்குள் பாய்வதெல்லாம் உண்டு. நீச்சல் தெரிந்த நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அது இன்னும் நெருக்கமாக இருக்கும். கனடாவில் 1984-ல் தொடங்கிய சர்க் டு சொலெய் என்ற சர்க்கஸ் குழுவும் ஊர் ஊராக வரும். எங்கே போனாலும் எத்தனை வயதுக்கு மேல் அனுமதி, மடியில் வைத்துக்கொள்ளும் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டுமா என்ற இரண்டையும் முதலில் கேட்டுவிடுங்கள்.

நாளைத் திட்டமிடுவது

என் மகன் அழுததற்குப் பெரிய காரணம் இதுதான். ஒரு பயண முகவர் போட்டுக்கொடுத்த அட்டவணைப்படியே நாங்கள் போனோம். அங்கோர் வாட்டில் சூரிய உதயமும் சர்க்கஸும் அதில் ஒரே நாளில் இருந்தன. கம்போடியா நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 4.30-க்குப் புறப்பட்டால் பிள்ளையின் உடம்புக்கு அது நடுச்சாமம் மூன்று மணி. மூன்று மணிக்கு எழுப்பி, மே மாத வெயிலில் கல் படிகளில் ஏற்றி இறக்கி, ராத்திரி எட்டு மணிக்கு இருட்டுக் கூடாரத்தில் உட்காரவைத்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும்?

இதே ஒன்றரை மணி நேரத்தை நமக்கு அனுகூலமாக்கவும் முடியும். இரவு 8 மணி ஆட்டம் என்பது பிள்ளையின் உடம்புக்கு மாலை ஆறரை. ஊரில் தெருவில் ஓடி விளையாடும் நேரம். அன்று காலை தாமதமாக எழுந்து, மதியம் ஒரு தூக்கமும் போட்டிருந்தால் ஒன்பது மணிக்கு ஆட்டம் முடியும்போதும் கண் பளிச்சென்று இருக்கும். இரண்டாவது முறை அப்படித்தான் செய்தேன். காலையில் விடுதிக்குப் பக்கத்தில் சும்மா நடந்தோம், இளநீர் குடித்தோம். மதியம் மூன்று மணி வரை தூங்கவிட்டேன். ஆறு மணிக்குச் சோறு. சர்க்கஸ் இருக்கும் நாளில் சர்க்கஸ் மட்டும்தான்.

அங்கோர் வாட்டுக்கு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அங்கே நுழைவுச்சீட்டு வேண்டாம், ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும். ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அந்த ஊர்ச் சாலையெல்லாம் பனைமரம்! நம் பனைதான். அங்கே அது தேசிய மரம், இங்கே நம் மாநில மரம். சாலையோரம் பனைவெல்லம் காய்ச்சிக்கொண்டிருந்த அம்மாவிடம் வண்டியை நிறுத்தி வாங்கினோம். மகன் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "இது நம்ம ஊரு கருப்பட்டி" என்றான். அழுத இரவுக்கு மறுநாள் அது. அந்த ஊர் அவனுக்குப் பழக ஆரம்பித்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

ஊரிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

என் மகளைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தயார் செய்தேன். சின்னவனை விட்டுவிட்டேன். அவனுக்கு என்ன புரியும் என்று நினைத்தது என் தவறு. மூன்று வயதுப் பிள்ளைக்கும் இவை புரியும். கடற்கரை மணலே போதும், பொருள் வாங்கத் தேவையில்லை.

முதலில் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லுங்கள். நின்றுவிடுவார்கள். பிறகு கண்ணை மூடச் சொல்லுங்கள். பத்து எண்ணுவதற்குள் தள்ளாடுவார்கள். உடம்பு நேராக நிற்பதற்குக் கண், காதுக்குள் இருக்கும் உறுப்பு, பாதம் மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று போனால் மற்ற இரண்டும் திணறுகின்றன. கயிற்றில் நடப்பவர் ஏன் ஒரே புள்ளியை உற்றுப் பார்க்கிறார் என்று இனி அவர்களுக்கே தெரியும்.

அடுத்தது வட்டம். 21 அடிக் கயிற்றின் ஒரு முனையைக் கம்பில் கட்டி நட்டு, மறுமுனையால் மணலில் கோடு போடுங்கள். 42 அடி குறுக்களவு, ஏறக்குறைய 13 மீட்டர். சர்க்கஸ் வட்டத்துக்கு உலகம் முழுவதும் வழக்கமான அளவு அதுதான். 1768-ல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற குதிரை வீரர் வட்டமாகக் குதிரையை ஓட்டி அதன் முதுகில் நின்று காட்டியதிலிருந்து தொடங்கிய வழக்கம். பிள்ளைகளை அந்தக் கோட்டில் வேகமாக ஓடவிடுங்கள். உடம்பு தானாக உள்பக்கம் சாயும். ஓடும் குதிரையும் அப்படித்தான் சாயும். அந்தச் சாய்வோடு சேர்ந்து சாய்ந்தால் மேலே நிற்பவருக்குப் பிடிமானம் கிடைக்கிறது. நேர்க்கோட்டில் ஓடும் குதிரைமேல் நிற்பது இதைவிடக் கடினம். நம் நாட்டு சர்க்கஸுக்குத் தாய்வீடு பக்கத்துக் கேரளத்துத் தலச்சேரி, 1901-லேயே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் அங்கே பயிற்சிப் பள்ளி வைத்தார் என்பதையும் ஓட்டத்துக்கு நடுவே சொல்லலாம்.

மூன்றாவதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். சிலம்பக் கம்பு ஒன்றை, இல்லாவிட்டால் நீளமான விளக்குமாற்றுக் குச்சியை, பிள்ளையின் உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். கையைப் பார்த்தால் கம்பு விழும். கம்பின் நுனியைப் பார்த்துக்கொண்டு கையை நகர்த்தினால் நிற்கும். தோள்மேல் தோளாக ஆட்கள் நிற்கும் வித்தையும் இதுதான். மேலே இருப்பவர் கம்பு மாதிரி விறைப்பாக இருப்பார். அவர் தானே சரிசெய்துகொள்ள முயன்றால் இரண்டு பேரும் விழுவார்கள். சரிசெய்வதெல்லாம் கீழே இருப்பவர். பாதத்தைச் சிறிது சிறிதாக நகர்த்தி, முழங்காலை இறுக்கிப் பூட்டாமல் இளக்கமாக வைத்துக்கொண்டு, மேலே இருப்பவரின் எடைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டே இருப்பார்.

கூடாரத்தில் எல்லோரும் உச்சியில் நிற்பவரைத்தான் பார்ப்பார்கள். உங்கள் பிள்ளையிடம் கீழே நிற்பவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கால் பெருவிரலைப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் கையை அரைவாசி தூக்கியபடி ஆடாமல் நிற்கும் இரண்டு பேரையும் தேடச் சொல்லுங்கள். மேலே இருப்பவர் சரிந்தால் பிடிப்பதற்காகவே நிற்பவர்கள் அவர்கள். இதை என் பிள்ளைகளுக்கு விளங்கவைத்தது எங்கள் கடற்கரைக் கதைதான். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், தண்ணீருக்குள் இறங்குகிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது அவன் கயிற்றை விடமாட்டானாம். முத்து எடுத்தவன் பெயரைத்தான் ஊர் பேசும். தோணியில் கயிறு பிடித்து நின்றவனால்தான் அவன் மேலே வந்தான்.

சின்னவனுக்கு இந்தக் கதையை விடுதி அறையில்தான் சொன்னேன். சொன்னதும் கேட்டான்: "அப்ப அந்த அண்ணன் விழ மாட்டாரா?" விழலாம், விழுந்தால் பிடிக்க ஆள் இருக்கிறது என்றேன். விழவே மாட்டார் என்று பொய் சொல்லாதீர்கள். பயிற்சி எடுத்தவர்களும் சில நேரம் தவறுவார்கள். எப்படி அடிபடாமல் விழுவது என்றும் அவர்கள் படித்திருக்கிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால் பிள்ளைக்குப் பயம் குறைகிறது. எங்கள் இரண்டாவது இரவில் ஒருவர் பாய்ந்தபோது வளையத்தைக் கால் தட்டி அது உருண்டு போனது. கூட்டம் உச்சுக்கொட்டியது. மகன் என் காதில், "மறுபடி செய்வாரு பாருங்க" என்றான். மறுபடி வந்து பாய்ந்தார். அவன் கைதட்டியதில் அவன் உள்ளங்கை சிவந்துவிட்டது.

இருட்டும் சத்தமும்

பெரும்பாலான சின்னப் பிள்ளைகள் வித்தையைப் பார்த்துப் பயப்படுவதில்லை. திடீர் இருட்டும் திடீர்ச் சத்தமும்தான் அவர்களைக் கலக்குகின்றன. உங்கள் பிள்ளை திருவிழாவில் உறுமி மேளத்துக்கும் வேட்டுச் சத்தத்துக்கும் காதைப் பொத்துகிற பிள்ளையா என்று நினைத்துப் பாருங்கள். ஆமாம் என்றால் தலைக்கு மேலே வளைந்து இரண்டு காதையும் மூடும் காதுக்கவசம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சு வைப்பது போதாது. வீட்டிலேயே நாலு நாள் போட்டுப் பழக்குங்கள், இல்லாவிட்டால் அங்கே போய்ப் பிய்த்து எறியும். இரண்டாவது முறை நான் சத்தம் அதிகமானால் மாட்டிக்கொள்ளலாம் என்று அவன் கழுத்தில் தொங்கவிட்டேன். அவனாக இரண்டு முறை மாட்டினான், அவனாகக் கழற்றினான். தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமே அவனுக்குப் பாதித் தைரியம் கொடுத்தது.

கூடாரத்துக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். விளக்கு எரியும்போதே பிள்ளை உள்ளே நுழைந்து, மேடை எங்கே, மேளக்காரர் எங்கே, வெளியே போகும் வழி எங்கே என்று பார்க்க வேண்டும். விளக்கு இப்போது அணையும், பத்து எண்ணுவதற்குள் மறுபடி வரும் என்று முன்கூட்டியே சொல்லி, சேர்ந்து எண்ணுங்கள். கழிவறைக்கும் அந்த அரை மணிக்குள் கூட்டிப்போய் வந்துவிடுங்கள்.

முன்வரிசை இருக்கைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை யோசியுங்கள். ஃபாரில் மூன்று வகை இருக்கைகள் உண்டு. பெரியவர்களுக்கு முன்வரிசை நல்லது. சின்னப் பிள்ளைக்கு அங்கே மேளமும் பக்கம், தலைக்கு மேலே ஆள் பறப்பதும் பக்கம். நடுவில் உயரமான வரிசை, அதுவும் நடைவழியை ஒட்டிய ஓரம்தான் எனக்குப் பிடித்தது. பிள்ளை அழுதால் பத்துப் பேர் காலைத் தாண்டாமல் வெளியே போகலாம். பெரியவர்கள் இரண்டு பேர் போனால், யார் வெளியே போவது, யார் உள்ளே இருப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் இரவில் அந்த ஒன்றைச் சரியாகச் செய்திருந்தோம். மகளுக்கு ஒரு நிமிட ஆட்டம்கூடத் தவறவில்லை. பயந்த பிள்ளையை மடியில் அழுத்திப் பிடித்து "பாரு பாரு" என்று காட்டாதீர்கள். வெளியே கூட்டிவந்து தண்ணீர் கொடுங்கள். உள்ளே போகலாமா என்று அதுவாகக் கேட்டால் போகலாம்.

படம் எடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். இது மரியாதை மட்டுமல்ல. காற்றில் இருப்பவர் பிடிக்க வேண்டிய கையைக் கண்ணால் அளந்துகொண்டிருக்கிறார். அந்த ஒரு நொடி வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தால் கை தவறும். இதைப் பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களே உங்கள் கைபேசிக்குக் காவல் இருப்பார்கள்.

மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்போடியாவுக்குக் கைக்குழந்தைக்கும் தனி விசா வேண்டும். அரசின் இணையதளத்திலேயே போடுங்கள், அதே மாதிரித் தோற்றத்தில் கூடுதல் காசு கேட்கும் தளங்கள் உண்டு. விமானத்தில் போய் இறங்குவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் மின்வருகைப் படிவமும் நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கே அமெரிக்க டாலர் எல்லாக் கடையிலும் ஓடும். ஆனால் கிழிந்த, அழுக்கான, எழுதிய நோட்டை வாங்கமாட்டார்கள். ஒரு டாலர் நோட்டுகள் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். மீதிச் சில்லறையை அந்த நாட்டுக் காசான ரியலில் தருவார்கள், ஒரு டாலருக்கு ஏறக்குறைய 4,000 ரியல். 2023 அக்டோபரில் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருக்கிறது. ஆகவே வந்திறங்கும் நாளில் சர்க்கஸ் வேண்டாம். ஊருக்குள் போக மோட்டார் சைக்கிள் இழுக்கும் துக்துக், நான்கு பேர் தாராளமாக உட்காரலாம். கிராப், பாஸ்ஆப் என்ற கைபேசிச் செயலிகள் இரண்டிலும் வண்டி கிடைக்கும். எங்களைக் கொண்டுபோன துக்துக்காரரிடமே ஒன்பது மணிக்குத் திரும்ப வரச் சொல்லிப் பேசிவைத்தோம். இரவில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டி தேடி நிற்கிற அவஸ்தை இல்லாமல் போனது. மே மாதத்தில் மழை திடீரென்று இறங்கும், ஒரு துண்டு கையில் இருக்கட்டும். கொசு உண்டு, டெங்குவும் உண்டு. முழுக்கைச் சட்டையும் கொசுத் தைலமும் அவசியம்.

முடிந்த பிறகு

ஃபாரில் ஆட்டம் முடிந்ததும் ஓடி வந்துவிடாதீர்கள். கலைஞர்கள் மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்வையாளர்களோடு படம் எடுத்துக்கொள்வார்கள். கூட்டம் பறந்து பாய்ந்தவர்களைச் சுற்றிக்கொண்டது. என் மகன் என் கையை இழுத்துக்கொண்டு, எல்லோரையும் தோளில் சுமந்த அந்த அகலமான அண்ணனிடம் போனான். மொழி இல்லை. தன் தோளைத் தொட்டுக் காட்டி, வலிக்குமா என்று முகத்தாலேயே கேட்டான். அவர் சிரித்து, குனிந்து, தன் தோளைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார். தோல் தடித்துக் காய்த்துப் போயிருந்தது. "அம்மா, தாத்தா கை மாதிரி இருக்கு" என்றான். என் அப்பா நாற்பது வருடம் வலை இழுத்தவர்.

அடுத்த 24 மணி நேரம் கவனமாக இருங்கள். பார்த்ததைச் செய்யாமல் பிள்ளைகள் இருக்கமாட்டார்கள். விடுதிக் கட்டிலில் தொடங்கும். கண்ணாடி மேசையையும் கூர்மையான விளிம்பையும் நகர்த்திவிட்டு, கட்டிலில் குதிப்பதற்குப் பதில் தரையில் போர்வை விரித்து உருளச் சொல்லுங்கள். தாடையை நெஞ்சோடு ஒட்டி, தலையின் பின்பக்கமும் முதுகும் தரையைத் தொட உருள வேண்டும். உச்சந்தலை தரையில் படக்கூடாது, கழுத்துக்கு ஆபத்து.

துணி விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். துணியில் சுற்றிக்கொண்டு ஏறி இறங்கும் வித்தை பல சர்க்கஸில் வரும். நம் வீட்டில் சேலைத் தூளி தொங்குகிறது, கதவில் துப்பட்டா கிடக்கிறது, ஜன்னலில் திரை இருக்கிறது. மேடையில் அந்தத் துணியை எத்தனையோ கிலோ தாங்கும்படி மாட்டியிருப்பார்கள், எப்படிச் சுற்றினால் இறுகும், எப்படிச் சுற்றினால் அவிழும் என்று வருடக்கணக்கில் பழகியிருப்பார்கள். கழுத்துப் பக்கம் எந்தத் துணியும், எந்தக் கயிறும் போகவே கூடாது என்று ஆட்டம் பார்த்த அன்று இரவே சொல்லிவிட வேண்டும். ஊர் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, பெரிய பிள்ளைகள் ஊஞ்சல் ஆட வைத்திருந்த பழைய சேலைத் தூளியை அவிழ்த்தது.

ஒன்றை எடுத்தால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். கைக்குட்டை மூன்று கொடுத்தேன். பந்து சீக்கிரம் விழும். கைக்குட்டை மெதுவாக இறங்கும், பிள்ளையின் கண்ணுக்கும் கைக்கும் நேரம் கிடைக்கும். ஒன்றை வலக்கையால் எறிந்து இடக்கையால் பிடிப்பது ஒரு வாரம். இரண்டாவது சேர்ப்பது அடுத்த வாரம். மகள் மூன்றுக்கு வந்துவிட்டாள். சாயங்காலம் பாக் நீரிணைப் பக்கத்துக் கரைக்குப் போகிறோம். சிப்பி, மீன்முள், உடைந்த கண்ணாடி எதுவும் இல்லாமல் காலால் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் மணலில் கைகுத்தி நிற்பதும் சக்கரம் அடிப்பதும். மாடு மாதிரி நான்கு காலில் நின்று ஒருவர் முதுகில் ஒருவர் முழங்கால் போட்டு ஏறுவது வரை இப்போது அனுமதி கொடுத்திருக்கிறேன். ஏறுகிற பிள்ளை இடுப்புக்கு நேராக மட்டும் முழங்காலை வைக்க வேண்டும், நடு முதுகில் வைக்கக்கூடாது. நான் பக்கத்தில் கையை நீட்டி நிற்பேன். தோள்மேல் ஏறுவதற்கு இருவரும் தினமும் கேட்கிறார்கள். மகளுக்குப் பன்னிரண்டு முடியட்டும், அவள் கால் இன்னும் உறுதிப்படட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.